ஒரு சுவர், ஐந்து கணக்கு



ரைன் ஆற்றின் இரு கரைகளிலும் லாஃபன்பர்க் என்ற ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று ஜெர்மனியில், மற்றது சுவிட்சர்லாந்தில். முன்னொரு காலத்தில் அது ஒரே ஊர். நெப்போலியன் நாளில் ஆறு எல்லைக்கோடாக மாறியபோது இரண்டாகப் பிரிந்தது. அந்த இரு ஊர்களுக்கும் இடையே 2003இல் ஒரு புதிய பாலம் எழுந்துகொண்டிருந்தது. வேலை நடக்கும்போதே ஒரு கரையின் மட்டம் மறுகரையின் மட்டத்தோடு சேராது என்று தெரியவந்தது. வித்தியாசம் 54 சென்டிமீட்டர்.

ஜெர்மனி தன் உயரங்களை வடகடலின் மட்டத்திலிருந்து அளக்கிறது. சுவிட்சர்லாந்து மத்தியதரைக் கடலின் மட்டத்தை ஆதாரமாகக் கொண்டது. இரண்டுக்கும் இடையே 27 சென்டிமீட்டர் வேறுபாடு. அந்தப் பொறியாளர்களுக்கு இது தெரியும். கணக்கிலும் சேர்த்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினார்கள். சேர்க்கும்போது கூட்டல் கழித்தல் குறி மாறிப்போனது. 27 தீர்வதற்குப் பதிலாக இரட்டித்து 54 ஆனது. ஜெர்மன் பக்கத்தைத் தாழ்த்திச் சரிசெய்து, 2004இன் கடைசியில் பாலத்தைத் திறந்தார்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டமைப்புப் பொறியாளனாக இருக்கும் எனக்கு இந்தச் சம்பவத்தில் மனதில் தைப்பது ஒன்று உண்டு. 27 என்ற எண் பத்திரமாக ஆற்றைக் கடந்தது. எதிலிருந்து எதற்கு 27 என்ற செய்தி அதனோடு கூடக் கடக்கவில்லை. ஒரு கட்டடத்தை வடிவமைக்கும் பல துறையினராகிய நாங்கள் எங்கள் கணினித் தரவுகளை ஒருவருக்கொருவர் எப்படிக் கொடுத்து வாங்குகிறோம் என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அதில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த 27 சென்டிமீட்டரின் உடன்பிறப்புகள்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் தொழிலுக்கு வந்து ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருக்கும். ஒரு மாவட்டத் தலைநகரில் நான்கு மாடி மருத்துவமனை. தளத்துக்குத் தளம் 3.3 மீட்டர் உயரம். நடைகூடத்தின் குறுக்கே போகும் பீம்களுக்கு 600 மில்லிமீட்டர் ஆழம் கொடுத்திருந்தேன். பீமின் அடியில் மிஞ்சுவது 2.7 மீட்டர். கட்டடக் கலைஞரின் வரைபடத்திலும் நடைகூடத்து ஃபால்ஸ் சீலிங்கின் உயரம் கிட்டத்தட்ட அதே 2.7 மீட்டர்தான், ஒன்பது அடி வேண்டும் என்பது உரிமையாளரின் விருப்பம். குளிர்சாதனப் பொறியாளரின் வரைபடத்திலோ அதே நடைகூடத்தின் நெடுகிலும் 400 மில்லிமீட்டர் ஆழமுள்ள டக்ட், அதாவது காற்றுக் குழாய், ஓடியது. மூன்று தாள்களையும் தனித்தனியே பாருங்கள், ஒன்றிலும் பிழை கிடையாது.

ஒரு திங்கட்கிழமை வேலை நடக்கும் இடத்துக்குப் போனேன். இரண்டாம் மாடியில் மூன்று பீம்களின் வயிற்றில் வரிசையாகத் துளைபோட்டு, சதுரமாக உடைத்து எடுத்திருந்தார்கள். அடிக்கம்பிகள் அறுந்து வெளியே தெரிந்தன. உடைத்தவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. டக்ட் போகவேண்டும், சீலிங் இறங்கக்கூடாது என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. பீமைத் தொடாதே என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. முட்டுக்கொடுத்து, எஃகுத் தகடு வைத்து அந்த மூன்றையும் வலுப்படுத்த இரண்டு மாதம் ஆயிற்று. பீமின் ஆழத்தை என் தாளில் தெளிவாக எழுதியிருந்தேன். அதைக் குளிர்சாதனப் பொறியாளருக்கும் அனுப்பவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தத் தவறு என்னுடையது. இன்றுவரை அதை நான் மறக்கவில்லை.

இன்றைய மாணவர்கள் கேட்பார்கள்: ‘சார், இப்போதுதான் பிம் என்ற கட்டடத் தகவல் மாதிரி முறை வந்துவிட்டதே, மூன்று மாதிரிகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மோதல் சிவப்பாகத் தெரிந்துவிடுமே?’ தெரியும்தான். அந்த மருத்துவமனைக்கு அப்படி ஒரு வசதி இருந்திருந்தால் அந்த மூன்று பீம்களும் தப்பியிருக்கும். ஆனால் டக்டும் பீமும் மோதுவது எளிய வகைச் சிக்கல். இரண்டு திடப்பொருள்கள் ஒரே இடத்தில் இருக்கமுடியாது என்பதைக் கணினி கண்டுபிடித்துவிடும். அதன் கண்ணுக்குப் படாத சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். 230 மில்லிமீட்டர் தடிமன், 3 மீட்டர் உயரம், செங்கல் சுவர். கட்டடக் கலைஞருக்கு அது ஓர் அறை முடிந்து இன்னோர் அறை தொடங்கும் இடம். அதில் கதவு உண்டு, பூச்சு உண்டு, நிறம் உண்டு. தூணும் பீமும் தாங்கும் கட்டடம் என்றால் என் மாதிரியில் அந்தச் சுவரே இருக்காது. பீமின்மேல் மீட்டருக்கு ஏறத்தாழ 14 கிலோநியூட்டன் சுமையாக அது மாறிவிடும். ஓர் அம்புக்குறி, ஓர் எண், அவ்வளவுதான். குளிர்சாதனம் கணக்கிடுபவருக்கு அது வெயில் உள்ளே நுழையும் வழி. சுவரைவிட அது சூழ்ந்திருக்கும் காற்றுவெளிதான் அவருக்கு முக்கியம். அளவுக் கணக்காளருக்கு மீட்டர் நீளத்துக்கு 0.69 கன மீட்டர் கட்டுவேலை, இரு பக்கமும் சேர்த்து 6 சதுர மீட்டர் பூச்சு. தீத்தடுப்பு ஆய்வாளர் கேட்பது ஒரே கேள்வி: எரியும்போது எத்தனை மணி நேரம் நிற்கும்?

ஒரே சுவருக்கு ஐந்து கணக்கு. ஒன்றுகூடப் பொய்க்கணக்கு கிடையாது. ஆகவே ஒரு துறையின் மாதிரி இன்னொரு துறையின் மேசைக்கு வந்ததும் முதலில் நடப்பது அழித்தல். கட்டடக் கலைஞரின் மாதிரியைத் திறந்தால் நான் முதலில் கதவையும் டைல்ஸையும் குளியலறைச் சாமான்களையும் எடுத்துவிடுவேன். அவர் அடித்தளத்திலிருந்து மொட்டைமாடிவரை ஒரே தூணாக நிறுத்தியிருப்பார். நான் அதைத் தளத்துக்குத் தளம் வெட்டுவேன், ஏனென்றால் கான்கிரீட் அப்படித்தான் விழுகிறது. அவர் ‘முதல் தளம்’ என்று சொல்லும் மட்டம் டைல்ஸின் மேல்முகம். நான் ‘முதல் தளம்’ என்று சொல்வது ஸ்லாபின் மேல்முகம். நடுவே ஐம்பது, எழுபது மில்லிமீட்டர். கழிப்பறையில் தாழ்த்திப் போடும் சன்கன் ஸ்லாப் என்றால் இன்னும் கீழே. பெயர் ஒன்று, மட்டம் இரண்டு: நம் ஊரிலேயே ஒரு லாஃபன்பர்க்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. கொத்தனார் ‘ஒன்பது இன்ச் சுவர்’ என்கிறார். ஒன்பது அங்குலம் என்பது 228.6 மில்லிமீட்டர். வரைபடத்தில் நாம் 230 என்கிறோம். அடி அங்குலத்தில் வரைந்த ஒருவரின் கோப்பை மில்லிமீட்டரில் வரைந்த இன்னொருவரின் கோப்போடு சேர்த்தால் சுவருக்குச் சுவர் 1.4 மில்லிமீட்டர் உராய்வு. சுவர் கட்டும் இடத்தில் அதைப் பொருட்படுத்த ஆளில்லை. கணினி அதையும் மோதல் என்று எண்ணி ஆயிரக்கணக்கில் பட்டியல் தரும். அந்தப் பட்டியலின் நடுவே உண்மையான ஆபத்து ஒன்று இரண்டு ஒளிந்திருக்கும். பட்டியலைப் பார்த்துக் களைத்துப்போன இளம் பொறியாளர் எல்லாவற்றையும் ‘பார்த்தாயிற்று’ என்று மூடிவிடுவார். இதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட அலுவலகங்களில் கண்டிருக்கிறேன்.

இந்தச் சிக்கலை முன்னோடிகள் அறியாமல் இல்லை. சார்லஸ் ஈஸ்ட்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, வரைபடங்களுக்குப் பதில் கணினியிலேயே கட்டடத்தை விவரிக்கும் ஒரு முறையை 1975இல் முன்வைத்தார். ஒரே பொருளைத் தரைப்படத்தில் ஒருமுறை, வெட்டுப்படத்தில் ஒருமுறை, முகப்புப்படத்தில் ஒருமுறை என்று திரும்பத் திரும்ப வரைகிறோம். ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் தானாக மாறவேண்டாமா என்பது அவருடைய கேள்வி. நாம் இன்று பிம் என்று சொல்வதன் வித்து அங்கே இருக்கிறது.

வித்து முளைத்தது, ஆனால் நிறுவனத்துக்கு ஒரு மரமாக முளைத்தது. ஒவ்வொரு மென்பொருளும் தன் கோப்பைத் தானே படித்துக்கொள்ளும், அடுத்தவருடையதைப் படிக்காது. 1994இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கியது. 12 அமெரிக்க நிறுவனங்கள் அதில் சேர்ந்தன. அடுத்த ஆண்டே அது எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அந்த அமைப்புதான் 2005முதல் பில்டிங்ஸ்மார்ட் என்ற பெயரில் இயங்குகிறது. அவர்கள் வளர்த்த பொதுமொழிக்கு ஐ.எஃப்.சி. என்று பெயர். 2013இல் அது ஐ.எஸ்.ஓ. 16739 என்ற பன்னாட்டுத் தரமானது. கட்டடங்களோடு நின்ற அந்த மொழி இப்போது சாலை, பாலம், ரயில்பாதை வரைக்கும் விரிந்திருக்கிறது.

ஐ.எஃப்.சி. கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள் என்று மாணவர்களுக்கு நான் சொல்வதுண்டு. திறக்கும். வெறும் எழுத்துகள்தான். வரிக்கு ஒரு பொருள்: இது சுவர், இது தூண், இது அறை. ஒவ்வொரு பொருளுக்கும் 22 எழுத்தில் ஓர் அடையாளக் குறி. கட்டடம் ஐம்பது அறுபது ஆண்டு நிற்கும். எந்த மென்பொருள் அத்தனை காலம் நிற்கும்? ரெவிட் என்ற மென்பொருளின் புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பில் திறக்கவே முடியாது. எல்லோரும் ஒரே கம்பெனியின் மென்பொருளை வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று வாதிடுபவர்களோடு நான் ஒருநாளும் உடன்பட்டதில்லை.

‘ஐ.எஃப்.சி.யில் அனுப்பினால் உடைந்துபோகிறது சார்’ என்பது நான் அடிக்கடி கேட்கும் புகார். பாதிப் புகாருக்குக் காரணம், வாங்கியவர் அதைத் திருத்தப் பார்ப்பதுதான். கட்டடக் கலைஞரின் சுவரை நான் நகர்த்தவேண்டிய தேவை என்ன? எனக்கு அது பார்க்கவும் அளக்கவும் மட்டும். என் பீமை நான் திருத்துவேன், அவர் சுவரை அவர் திருத்துவார். ஐ.எஃப்.சி.யின் 4ஆம் பதிப்பிலேயே இப்படிப் பார்வைக்கு மட்டும் கொடுப்பதற்கென்று ஒரு தனி வகை வகுத்திருக்கிறார்கள். ‘இங்கே உங்கள் டக்ட் என் பீமில் இடிக்கிறது’ என்று சொல்ல முழு மாதிரியையும் திருப்பி அனுப்பவேண்டியதில்லை, பி.சி.எஃப். என்ற சிறு கோப்பு போதும். எந்தக் கோணத்தில் பார்த்தேன், எந்த அடையாளக் குறியுள்ள பொருள், என் குறிப்பு என்ன என்பதை மட்டும் அது சுமந்துபோகும். பின்லாந்தில் பிறந்த டெக்லா, சொலிப்ரி என்ற இரண்டு மென்பொருள் நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிவைத்தது அது.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். ஐ.எஃப்.சி.யில் ஒவ்வொரு சுவரோடும் ஒட்டிக்கொண்டு போகும் பொதுப் பண்புகளின் பட்டியல் ஒன்று உண்டு. வெளிச்சுவரா, தீத்தாங்கும் அளவு என்ன, வெப்பக் கடத்தல் எவ்வளவு. அந்தப் பட்டியலில் ஒரு வரி: சுமை தாங்குமா? ஆம், இல்லை என்ற இரண்டு பதில்தான். கட்டடக் கலைஞரின் மாதிரி என்னிடம் வருகிறது. ஒரு சுவருக்கு ‘இல்லை’ என்றிருக்கிறது. இந்த ‘இல்லை’யை யார் சொன்னது? கட்டடக் கலைஞர் யோசித்துச் சொன்னாரா? அல்லது யாரும் எதுவும் சொல்லாததால் மென்பொருள் தானாக இட்டு நிரப்பியதா? திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அந்த ‘இல்லை’யை நம்பி, பத்து ஆண்டு கழித்து, கடையை அகலப்படுத்த ஒருவர் அந்தச் சுவரை இடிக்கக்கூடும்.

இந்தப் பொருளை உருவாக்கியவர் யார், எப்போது, எந்த மென்பொருளில் என்று பதிவு செய்யும் இடம் ஐ.எஃப்.சி.யில் உண்டு. முந்தைய பதிப்பில் அதைக் கட்டாயமாக வைத்திருந்தார்கள். 4ஆம் பதிப்பில் விருப்பமிருந்தால் நிரப்பலாம் என்று தளர்த்திவிட்டார்கள். நிரப்பினாலும், உருவாக்கியவர் பெயர் இருக்குமே தவிர, அந்த ஒரு பதிலுக்குப் பொறுப்பேற்றவர் பெயர் இருக்காது. பத்திரம் எழுதும் நாட்டில் பிறந்தவர்கள் நாம். கையெழுத்தில்லாத பத்திரத்தை நம்பி ஒரு சென்ட் நிலம் வாங்கமாட்டோம். கட்டடத்தின் தரவை மட்டும் கையெழுத்தில்லாமல் வாங்கிக்கொள்கிறோம்.

கையெழுத்து இருந்தும் நடந்த ஒரு கொடுமையையும் சொல்லவேண்டும். 1981 ஜூலை 17. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி ஓட்டலின் முற்றத்தில் நடன விழா. கூரையிலிருந்து எஃகுக் கம்பிகளில் தொங்கிய இரண்டு நடைபாலங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தவை, கூட்டத்தின்மேல் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். முதல் வடிவமைப்பில் கூரையிலிருந்து ஒரே நீளக் கம்பி மேல்பாலத்தைத் துளைத்துக்கொண்டு கீழ்ப்பாலம்வரை இறங்கியது. அத்தனை நீளக் கம்பியில் மரைபோட்டு நட்டை ஏற்றுவது கடினம் என்பதால் எஃகு வேலை செய்தவர்கள் அதை இரண்டாகப் பிரித்தார்கள்: கூரையிலிருந்து மேல்பாலத்துக்கு ஒரு கம்பி, மேல்பாலத்திலிருந்து கீழ்ப்பாலத்துக்கு இன்னொன்று. தாளில் பார்த்தால் சின்ன மாற்றம். அதன்பின் மேல்பாலத்தின் நட்டு தன் பாலத்தோடு கீழ்ப்பாலத்தையும் தாங்கவேண்டியதாயிற்று. சுமை இரண்டு மடங்கு. முதல் வடிவமைப்பே விதி கேட்ட வலுவுக்குக் குறைவாகத்தான் இருந்தது. மாற்றிய வரைபடம் பொறியாளர் அலுவலகத்துக்கு வந்து, ஒப்புதல் முத்திரையோடு திரும்பிப் போனது. கணக்குப் போட்டுப் பார்த்தவர் இல்லை. இரண்டு பொறியாளர்கள் மிசோரி மாநிலத்தில் தங்கள் உரிமத்தை இழந்தார்கள்.

அந்த முத்திரை எதைக் குறித்தது? ‘பார்த்தேன்’ என்றா, ‘கணக்கிட்டேன்’ என்றா? கொடுத்தவர் ஒன்று நினைத்தார், வாங்கியவர் வேறொன்று நினைத்தார். இன்று ஐ.எஸ்.ஓ. 19650 என்ற தரம் ஒவ்வொரு தகவலும் எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்தாகவேண்டும் என்கிறது. ஒன்று, இன்னும் செய்துகொண்டிருக்கிறேன். அடுத்து, மற்றவர்கள் பார்ப்பதற்காகக் கொடுத்திருக்கிறேன். மூன்றாவது, இதை வைத்து வேலை செய்யலாம். கடைசியாக, இது பழையது, சான்றுக்காக வைத்திருக்கிறோம். இளைஞர்கள் இதை அலுவலகச் சம்பிரதாயம் என்று சலித்துக்கொள்கிறார்கள். அந்த 114 பேரை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள் என்று அவர்களிடம் சொல்வேன்.

இதையெல்லாம் யார் வலியுறுத்துவது? அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கட்டடத் தரவுகள் துறைக்குத் துறை சரியாகப் போய்ச் சேராததால் 2002ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 1,580 கோடி டாலர் என்று அது மதிப்பிட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு கட்டடத்தின் உரிமையாளர்கள், பராமரிப்பவர்கள் தலையில் விழுந்தது. குழாய் எங்கே போகிறது என்று தெரியாமல் தரையை உடைப்பவர்கள் அவர்கள்தான். இழப்பு யாருடையதோ அவர்தான் கேட்கவேண்டும்.

பின்லாந்தில் அப்படித்தான் கேட்டார்கள். அரசுக் கட்டடங்களைப் பராமரிக்கும் செனட் சொத்து நிறுவனம் 2007 அக்டோபர் 1முதல் தன் திட்டங்களுக்கு ஐ.எஃப்.சி. மாதிரிகள் வேண்டும் என்றது. 2012இல் நாடு முழுவதற்குமான பொது நெறிமுறைகள் வந்தன. அவற்றில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விதி. ஒவ்வொரு துறையும் தன் மாதிரியோடு ஒரு விளக்கக் குறிப்பும் தரவேண்டும்: இதில் என்ன இருக்கிறது, எதற்காகக் கொடுக்கிறேன், எவ்வளவு துல்லியம். இரண்டு மூன்று பக்கம் போதும். ‘சுவர்களின் இடத்தை நம்பலாம், சுமைப் பதிலை நம்பவேண்டாம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் நான் சொன்ன அந்த ‘இல்லை’ யாரையும் ஏமாற்றாது. சிங்கப்பூரிலும் கட்டட அனுமதிக்கான கோர்நெட் எக்ஸ் முறை 2023 டிசம்பரில் தொடங்கியது. எல்லாத் துறையினரும் தங்கள் மாதிரிகளை ஒருங்கிணைத்து, ஐ.எஃப்.சி.யில், ஒரே வாயிலில் கொடுக்கவேண்டும்; அரசுத் துறைகளும் சேர்ந்தே பார்த்துப் பதில் சொல்கின்றன.

இங்கே நிலைமை வேதனையானது. சென்னையிலும் கோவையிலும் நம் பிள்ளைகள் பலர் வெளிநாட்டுக் கட்டடங்களுக்கு எஃகு டீட்டெய்லிங் செய்கிறார்கள், பிம் மாதிரிகள் தயாரிக்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 19650 அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். மாலையில் அவர்கள் வீடு திரும்பும் தெருவில் எழும் கட்டடத்துக்கோ வரைபடம் வாட்ஸ்அப்பில் வருகிறது. ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் நியூ’ என்ற பெயர்களில். எது கடைசி என்று மேஸ்திரி தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். திறமை நம்மிடம் இருக்கிறது, கருவி இருக்கிறது, கேட்கும் உரிமையாளர்தான் இல்லை. பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம் என்று வரிப்பணத்தில் கட்டப்படுபவற்றின் உரிமையாளர் நாம். மாதிரியும் அதன் விளக்கக் குறிப்பும் இல்லாமல் கட்டடத்தைப் பெற்றுக்கொள்ளமாட்டோம் என்று அரசு ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

இந்தக் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். இங்கே கட்டடக் கலைத் துறை இருக்கிறது, குடிசார் பொறியியல் இருக்கிறது, இயந்திரவியலும் மின்னியலும் இருக்கின்றன. நான்கு துறை மாணவர்களும் ஒரே உணவகத்தில் சாப்பிடுகிறார்கள். நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூடச் சேர்ந்து ஒரு கட்டடத்தை வடிவமைப்பதில்லை. அடுத்த பருவத்தில் ஒரே ஒரு பயிற்சி கொடுங்கள். இரண்டு மாடியில் ஒரு சிறிய நூலகம். ஒவ்வொரு துறையும் தனக்குப் பிடித்த மென்பொருளில் செய்யட்டும். பரிமாற்றம் ஐ.எஃப்.சி.யில் மட்டும், கேள்விகள் பி.சி.எஃப்.இல் மட்டும், ஒவ்வொரு மாதிரியோடும் பெயரும் கையெழுத்தும் உள்ள ஒரு பக்கக் குறிப்பு. எங்கிருந்து அளப்பது, ‘முதல் தளம்’ என்றால் டைல்ஸா ஸ்லாபா என்று முடிவு செய்யவே முதல் வாரம் போய்விடும். சண்டையும் வரும். வரட்டும். என் முதல் மருத்துவமனை வேலைக்கு முன்னால் எனக்கு அப்படி ஒரு வாரம் வாய்க்கவில்லை.